மேடையில லேப்டாப் பொரி வறுத்த கதையும் ஆடியோ ப்ளக்இன் வேலையும்

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணான். ட்ரிபிள்இ ரெண்டாவது வருஷம் படிக்கிறான், கீபோர்டும் நல்லா வாசிப்பான். "அண்ணே, நீங்க பண்ற வேலைக்கே நானும் வரணும், என்ன படிக்கணும்? சி ப்ளஸ் ப்ளஸ் போதுமா, இல்ல மியூசிக் கிரேடு எக்ஸாம் எதாச்சும் எழுதணுமா?"ன்னு கேட்டான். ஆடியோ ப்ளக்இன் எழுதுறதுதான் என் வேலை, அதாவது ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள மாட்டிக்கிற எக்கோ, ஈக்வலைசர் மாதிரி குட்டி சாஃப்ட்வேர். ரெண்டு நிமிஷத்துல சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன், முடியல. எங்க ஆரம்பிச்சாலும் அந்த திருவிழா மேடையிலதான் வந்து நிக்குது. அதனால அங்கேருந்தே எழுதுறேன்.

2012, நத்தம் பக்கத்துல ஒரு ஊரு, மாரியம்மன் திருவிழா. காலேஜ் படிக்கும்போது ஒரு ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்சிட்டு இருந்தேன். என்கிட்ட இருந்த கீபோர்டுல வயலின் சத்தம் கேக்கவே சகிக்காது, அதனால ஃப்ரெண்டோட லேப்டாப்ப வாங்கி அதுல ஒரு சாம்பிளர (நெசமான வாத்தியத்தோட ரெக்கார்டிங்க வெச்சு வாசிக்க விடுற சாஃப்ட்வேர்) போட்டு, எந்தக் கீய அமுக்குனோம்னு மட்டும் கம்ப்யூட்டருக்கு சொல்ற குட்டி மிடி கீபோர்டு ஒண்ண மாட்டி, ஹெட்போன் ஜாக்குலேருந்து நேரா மிக்ஸருக்கு கொடுத்துட்டேன். கீய அமுக்குனா சத்தம் லேட்டா வருதேன்னு ஏஸியோ ஃபார் ஆல்னு ஒரு ஃப்ரீ டிரைவர் போட்டு பஃபர் சைஸ 64க்கு எறக்குனேன், வீட்ல வாசிச்சுப் பாத்தா வெண்ணெய் மாதிரி போகுது. மேடையில பல்லவி வரைக்கும் பிரச்சனையே இல்ல. சரணத்துல ரெண்டு கையும் வெச்சு ஸ்ட்ரிங்ஸ புடிச்சேன் பாருங்க, பட்பட்பட்னு ஆரம்பிச்சிருச்சு. மைக்செட் அண்ணன் ஒயர்தான் லூஸுன்னு நெனச்சு ஓடிவந்து ஆட்டிப் பாக்குறாரு, ரிதம் பேட் வாசிக்கிறவரு என்ன முறைக்கிறாரு, பாட்டு முடிஞ்சதும் ட்ரூப் ஓனர் வந்து "என்ன தம்பி, பொரி வறுக்குறியா?"ன்னு கேட்டுட்டு சம்பளத்துல 200 ரூபாயும் புடிச்சுட்டாரு.

அந்த பட்பட் சத்தம் ஏன் வந்துச்சுங்கிற கேள்விதான் என்னய இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்துச்சுன்னா நம்புவீங்களா தெரியல, ஆனா உண்மை அதான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர்ல சத்தம்ங்கிறது நம்பர் வரிசை. சிடி தரம்னா ஒரு செகண்டுக்கு 44,100 நம்பர், ஸ்டீரியோன்னா அதுமாதிரி ரெண்டு வரிசை. சவுண்டு கார்டு இத ஒவ்வொண்ணா கேக்காது, கொத்தா கேக்கும், அந்தக் கொத்தோட அளவுதான் பஃபர் சைஸ். 64ன்னு வெச்சா 1.45 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ "அடுத்த 64 நம்பர் குடு"ன்னு வந்து நிக்கும். 512ன்னா 11.6 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள்ள நீங்க கொடுக்கலேன்னா அது காத்திருக்காது, இருக்கறதப் போட்டுட்டுப் போயிரும், வரிசை அந்த எடத்துல அறுந்துரும், ஸ்பீக்கர்ல பட்டுன்னு ஒரு சத்தம். ஒரே நேரத்துல நெறைய கீய அமுக்குனதால என் லேப்டாப்புக்கு 1.45 மில்லி செகண்ட் பத்தல, அவ்ளோதான் அன்னைக்கு நடந்தது. வெப்சைட்டு அர செகண்ட் லேட்டா தெறந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க, இங்க ரெண்டு மில்லி செகண்ட் பிந்துனா ஊரே திரும்பிப் பாக்குது. சராசரியா வேகமா ஓடுற கோடுக்கு இங்க மதிப்பு கிடையாது, ரொம்ப மோசமான நேரத்துலயும் எவ்ளோ நேரம் எடுக்கும்ங்கிறது மட்டும்தான் கேள்வி. தவில்காரர் 99 தடவ கரெக்டா அடிச்சுட்டு நூறாவது அடிய விட்டா கச்சேரியில அந்த நூறாவதப் பத்திதான பேசுவாங்க, அந்த மாதிரி.

இதெல்லாம் அன்னைக்கே புரிஞ்சிருச்சுன்னு சொல்லல. காலேஜ் முடிச்சு ஓஎம்ஆர்ல ஒரு சர்வீஸ் கம்பெனியில ஜாவா, பேங்க் ப்ராஜெக்ட், நாலு வருஷம். ராத்திரி ரூமுக்கு வந்து ஜூஸ்னு ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் ஃப்ரேம்வொர்க்க தோண்டிட்டு இருப்பேன் (பேரச் சொன்னா ரூம்மேட் எந்தப் பழம்னு கேப்பான்). ஜூலியன் ஸ்டோரர்ங்கிற ஒரு ஆளு ட்ராக்ஷன்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்காக எழுதுனதுலேருந்து பொறந்தது அது. இன்னைக்கு மார்க்கெட்ல இருக்குற ப்ளக்இன்ல ஏகப்பட்டது இதுலதான் எழுதியிருக்காங்க. வேலைக்கு ஆள் எடுக்குற விளம்பரம் எதப் பாத்தாலும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் ஜூஸும்தான் மொத வரியில இருக்கும். ஸோ சித்தப்பா பையன் கேள்விக்கு மொத பதில், ஆமா, சி ப்ளஸ் ப்ளஸ் வேணும், தப்பிக்க வழி இல்ல. ரஸ்ட்ங்கிற மொழியில எழுதுறவங்களும் இருக்காங்க, நல்லாவும் இருக்கு, ஆனா வேலை தேடுறப்ப அத ரெண்டாவதா வெச்சுக்க. பைத்தான் கிராஃப் போட்டுப் பாக்கவும் ஐடியா டெஸ்ட் பண்ணவும் ரொம்ப உதவும், ஓடுற ஆடியோ கோட அதுல எழுத முடியாது.

என் மொத ப்ளக்இன் ஒரு எக்கோ. நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எங்கேயோ ஒரு பட். அதே சத்தம்! இந்தத் தடவ வறுத்தது நான் எழுதுன கோடு. ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சுட்டேன். கடைசியா பாத்தா, ஆடியோ கேக்குற ஃபங்ஷனுக்குள்ளயே ஒரு வெக்டர (நம்பர் பட்டியல) ரீசைஸ் பண்றேன், அதாவது புதுசா மெமரி கேக்குறேன், போதாக்குறைக்கு டீபக் பண்றதுக்காக ஃபைல்ல ஒரு வரி குறிப்பு வேற எழுதுறேன். ஜாவாக்காரன் புத்தி, மெமரி கேட்டா கெடைக்கும்னு நெனப்பு. கெடைக்கும், ஆனா எப்ப கெடைக்கும்னு ஆபரேட்டிங் சிஸ்டம் உறுதி கொடுக்காது. ஆயிரம் தடவ மைக்ரோ செகண்ட்ல கொடுத்துட்டு ஆயிரத்து ஒண்ணாவது தடவ உள்ள போய் பெருக்கி எடுத்துட்டு வரும். அதனால ஆடியோ த்ரெட்டுக்குள்ள (சவுண்டு கார்டுக்கு நம்பர் கொடுக்கன்னே தனியா ஓடுற வேலைதான் அந்த த்ரெட்டு) மெமரி கேக்கக் கூடாது, ஃபைல தொடக் கூடாது, நெட்வொர்க் கூடவே கூடாது, லாக் (பூட்டு) போட்டுக் காத்திருக்கக் கூடாது.

கடைசியா சொன்ன லாக் விஷயத்துக்குத்தான் நெறைய பேரு "ஏங்க, மியூடெக்ஸ் தானே, ஒரு நொடி புடிச்சுட்டு விடப்போறோம்"ம்பாங்க. ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டு மட்டும் தொடுற மாதிரி போடுற பூட்டுதான் மியூடெக்ஸ். திண்டுக்கல் பக்கம் ரயில்வே கேட்ல ஆம்புலன்ஸ் நிக்குதுன்னு வெச்சுக்கங்க, கேட்ட தெறக்க வேண்டிய ஆளு டீ குடிக்கப் போயிட்டாரு. ஆம்புலன்ஸுக்கு எவ்ளோ அவசரம்னாலும் அந்த டீ முடிஞ்சாதான் வழி. ஆடியோ த்ரெட்டுதான் ஆம்புலன்ஸ், ஸ்க்ரீன்ல பட்டன் வரையிற த்ரெட்டுதான் கேட்கீப்பர், பூட்டு அவரு கையில. அவர ஆபரேட்டிங் சிஸ்டம் வேற ஒரு வேலைக்காக ஓரமா ஒக்கார வெச்சுருச்சுன்னா முடிஞ்சுது கத. ப்ரியாரிட்டி இன்வெர்ஷன்னு இதுக்குப் பேரு, நான் போன இன்டர்வியூங்கள்ல பாதியில இந்தக் கேள்வி வந்துச்சு. அதுக்குப் பதிலா பூட்டு இல்லாமலே ரெண்டு த்ரெட்டும் பத்திரமா தொடக்கூடிய அட்டாமிக் வேரியபிள், ஒருத்தர் போட ஒருத்தர் எடுக்க மட்டும் இருக்குற லாக் இல்லாத வட்ட க்யூ, இந்த மாதிரி நாலஞ்சு வழி இருக்கு. அந்த க்யூவ ஒரு தடவ நீங்களே எழுதிப் பாருங்க, அப்புறம் யாரோ ஒழுங்கா எழுதுனத எடுத்து யூஸ் பண்ணுங்க, ஏன்னா நம்ம எழுதுனதுல கண்டிப்பா தப்பு இருக்கும்.

இப்ப கணக்கு. காலேஜ்ல டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங், சத்தம் மாதிரி சிக்னல நம்பரா வெச்சு பண்ற கணக்கு) பேப்பர்ல எனக்கு அரியர். எட்டு பாயிண்ட் எஃப்எஃப்டி (சத்தத்துல என்னென்ன ஹெர்ட்ஸ் இருக்குன்னு பிரிக்கிற கணக்கு) பட்டர்ஃப்ளை படம் 16 மார்க்குக்கு வரும்னு மனப்பாடம் பண்ணி, கோடு மாத்திப் போட்டு ஃபெயிலு. ரெண்டாவது அட்டெம்ட்ல படத்த கரெக்டா போட்டு பாஸ் பண்ணேன், அப்பவும் அது எதுக்குன்னு தெரியாது. ஒரு ஃபில்டர்னா என்னன்னு எனக்கு உண்மையிலேயே புரிஞ்சது ரீப்பர்ங்கிற சாஃப்ட்வேருல. வின்ஆம்ப் எழுதுன ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் அதையும் ஆரம்பிச்சாரு. அதுக்குள்ளயே ஜேஎஸ்எஃப்எக்ஸ்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி இருக்கு, ஒரு வரிய மாத்தி சேவ் அடிச்சா அடுத்த நொடி சத்தம் மாறும், நம்ம கம்பைல் கிம்பைல் பண்ற வேலை ஒண்ணும் கிடையாது. அதுல "பழைய அவுட்புட்ட புது இன்புட் பக்கமா கொஞ்சமே கொஞ்சம் நகத்து"ன்னு ஒரே ஒரு வரி எழுதுனேன், பாட்டு போர்வைக்கு உள்ளேருந்து கேக்குற மாதிரி ஆயிருச்சு. அந்த "கொஞ்சம்"ங்கிற நம்பர மாத்துனா போர்வை தடிக்குது, மெலியுது. ஒசந்த சத்தத்த அடக்கி கீழ் சத்தத்த மட்டும் விடுற லோ பாஸ் ஃபில்டர்! போர்டுல இஸட் ட்ரான்ஸ்ஃபார்ம் போட்டு வாத்தியார் சொன்னது இதத்தானா சாமின்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் புஸ்தகத்த எடுத்தா எல்லாமே வேற மாதிரி தெரிஞ்சுது.

ஸோ எவ்ளோ கணக்கு வேணும்னா, காம்ப்ளெக்ஸ் நம்பரும் ட்ரிக்னாமெட்ரியும் பயமில்லாம இருக்கணும், லாகரிதம் கைவசம் இருக்கணும் (சத்தம் டெசிபல்லதான் ஓடும், 6 டெசிபல் கூட்டுனா அலையோட உயரம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு), ஒரு ஃபில்டரோட போல், ஜீரோங்கிற ரெண்டு வகைப் புள்ளிய படத்துல பாத்தா எந்தப் பக்கம் சத்தம் ஏறும்னு கை காட்டத் தெரியணும். ஈக்வலைசர் எழுதுறதுக்கு ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன்னு ஒருத்தர் எழுதி வெச்ச ஃபார்முலா தொகுப்பு ஒண்ணு இருக்கு, தொழில்ல எல்லாரும் அத ஒரு தடவையாச்சும் காப்பி அடிச்சிருப்பாங்க. ஸ்டான்ஃபோர்டு ப்ரொஃபஸர் ஜூலியஸ் ஸ்மித் தன்னோட டிஎஸ்பி புஸ்தகங்கள முழுசா ஃப்ரீயா நெட்ல போட்டு வெச்சிருக்காரு, அத வரிசையா படிக்க ட்ரை பண்ணாதீங்க, தேவப்படுறப்ப போய் ஒரு பக்கத்த படிச்சுட்டு ஓடி வந்துருங்க.

கணக்கு தெரிஞ்சா மட்டும் போதுமான்னா அங்கதான் காது வருது. ஒரு டிஸ்டார்ஷன் (சத்தத்த வேணும்னே சிதைக்கிற ப்ளக்இன்) எழுதுனேன், கிட்டார்ல போட்டா நல்லா கரகரன்னு சூப்பரா இருந்துச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன் மிருதங்கம், அவன் "ஒசரத்துல ஏதோ சுருதி சேராத விசில் கேக்குதுடா"ன்னான். எனக்கு கேக்கவே இல்ல. அப்புறம் 10,000 ஹெர்ட்ஸ் சைன் அலைய மட்டும் கொடுத்து ஸ்பெக்ட்ரம் பாத்தா 14,100ல ஒரு கோடு நிக்குது. எங்கேருந்து வந்துச்சு? டிஸ்டார்ஷன் மூணு மடங்கு ஹார்மானிக்க உண்டாக்கும், அதாவது 30,000. ஆனா 44,100 சாம்பிள் ரேட்ல 22,050க்கு மேல எதையும் வெச்சுக்க எடம் இல்ல, அதனால அது மடங்கித் திரும்பி 44,100ல 30,000 போக மிச்சம் 14,100ல வந்து விழுது. மூல சத்தத்துக்கும் அதுக்கும் இசை உறவே கிடையாது, அதான் சுருதி சேரலன்னான். இதுக்குப் பேரு அலையஸிங். உள்ளுக்குள்ள நாலு மடங்கு சாம்பிள் ரேட்டுக்கு ஏத்தி, டிஸ்டார்ட் பண்ணி, ஃபில்டர் பண்ணி எறக்குனா பெரும்பாலும் போயிரும். இத பரீட்சையில எழுதி மார்க் வாங்குனவன்தான் நான், ஆனா கண்டுபுடிச்சது மிருதங்கக்காரன் காது.

இன்னொரு அசிங்கமும் சொல்றேன். கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த எறக்கத்த கொறைக்கிற ப்ளக்இன்) ஒண்ண "மெருகேத்தி" நாலு பேருக்கு போட்டுக் காட்டுனேன், எல்லாரும் புதுசுதான் அட்டகாசம்னாங்க. அளந்து பாத்தா புதுசு 1 டெசிபல் சத்தம் கூட, அவ்ளோதான், வேற ஒரு மாற்றமும் காதுல விழற அளவுக்கு இல்ல. கொஞ்சம் சத்தமா இருந்தா நல்லா இருக்குன்னு நம்ம மூளை சொல்லிரும். அன்னையிலேருந்து ரெண்டையும் ஒரே அளவுக்கு கொண்டுவந்து, எது எதுன்னு தெரியாம கேட்டாதான் கணக்குல எடுத்துக்கறது. மாறலன்னு நெனைக்கிற எடத்துல ரெண்டு ஃபைலையும் ஒண்ண தலைகீழா திருப்பி கூட்டிப் பாப்பேன், முழு அமைதி வந்தா ரெண்டும் ஒண்ணு, ஏதாச்சும் முணுமுணுப்பு மிஞ்சுனா எங்கேயோ கை வெச்சிருக்கோம். நல் டெஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. காசு செலவில்லாத டெஸ்ட்டு, நான் தெனமும் பண்றது.

இசை தெரியணுமான்னா, கிரேடு எக்ஸாம் வேணாம்டா தம்பி, ஆனா எதையாச்சும் வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும், ஒரு பாட்ட ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ரெக்கார்டு பண்ணி மிக்ஸ் பண்ணிப் பாத்திருக்கணும். பாடுறவங்க சுருதிய திருத்துற ஆட்டோ ட்யூன் கண்டுபுடிச்ச ஆண்டி ஹில்டெபிராண்ட் அதுக்கு முன்னாடி பூமிக்கு அடியில எண்ணெய் எங்க இருக்குன்னு அதிர்வு அலைய வெச்சு தேடுற வேலை பாத்தவரு, அந்தக் கணக்கத்தான் 1997ல குரலோட சுருதி பாக்க கொண்டுவந்தாரு, ஆனா அவரும் புல்லாங்குழல் வாசிக்கிறவரு. ரெண்டு பக்கமும் கால் வெச்ச ஆளுங்களுக்குத்தான் இங்க ஏதோ ஒண்ணு தட்டுப்படுது.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு தம்புரா. 1983ல கார்ப்ளஸ், ஸ்ட்ராங்னு ரெண்டு பேரு வெளியிட்ட வழி ஒண்ணு இருக்கு, தந்தி சத்தம் செய்றதுக்கு. ஒரு சின்ன கொத்து இரைச்சல எடுத்து ஒரு வட்டத்துல சுத்த விடணும், ஒவ்வொரு சுத்துலயும் பக்கத்து பக்கத்து நம்பர சராசரி எடுக்கணும், அவ்ளோதான், டிங்னு தந்தி மீட்டுன சத்தம் வந்துரும். இருபது வரி கோடு. மந்திரம் மாதிரி இருந்துச்சு. ப ஸ ஸ ஸன்னு நாலு தந்தி வெச்சு, எங்க தெருவுல பாட்டு டீச்சர் அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, பெருமையா கொண்டு போய் போட்டுக் காட்டுனேன். ஒரு நிமிஷம் கண்ண மூடிக் கேட்டாங்க. "கண்ணு, இது தம்புராவா, ரப்பர் பேண்டா?"ன்னாங்க. அப்புறம் உள்ள போயி உண்மையான தம்புராவ எடுத்துட்டு வந்து, குதிரை (தந்திய தாங்குற கட்டை) மேல தந்திக்கு அடியில சொருகியிருந்த நூல உருவிட்டு ஒரு தடவ மீட்டுனாங்க, செத்த சத்தம். நூல மெதுவா தள்ளித் தள்ளி ஒரு எடத்துல நிறுத்தி மீட்டுனாங்க, அப்பப்பா, தேனீக்கூட்டம் மாதிரி ரீங்காரம். குதிரை தட்டையாவும் லேசா வளைஞ்சும் இருக்குறதால தந்தி அது மேல தொட்டுத் தொட்டு எழும்புது, நூல் அந்தத் தொடுற எடத்த சரிபண்ணுது, அதுலதான் அந்த உயிரே இருக்கு. என் கோடுல குதிரையும் இல்ல, நூலும் இல்ல.

அதுக்கப்புறம் ஆறு மாசம். அந்த வட்டத்துக்குள்ள தந்தி ஒசரத்த பொறுத்து நீளம் மாறுற மாதிரி ஒண்ண சேர்த்து, நூலுக்கு ஒரு நாப் (ஸ்க்ரீன்ல திருகுற குமிழ்) வெச்சேன். சுருதியில வேற அடி வாங்குனேன். 440 ஹெர்ட்ஸ் வேணும்னா அந்த வட்டம் மொத்தமா 100.227 சாம்பிள் நீளம் இருக்கணும், பின்னத்துக்கு எடம் இல்லன்னு 100ன்னு வெச்சா 441 ஆயிரும். ஒரு ஹெர்ட்ஸ் தானேன்னு தோணும். ஆனா சரியா இருக்குற இன்னொரு தந்தியோட சேர்ந்து அடிக்கும்போது செகண்டுக்கு ஒரு தடவ உவ்வாவ் உவ்வாவ்னு அலையும், டீச்சரம்மா முகம் சுளிக்கிறதுக்கு அது போதும். பின்ன தாமதத்துக்கு சாதாரண லீனியர் முறை போட்டா சுருதி நிக்குது, சத்தம் மழுங்குது, கடைசியா ஆல்பாஸ்ங்கிற வகைக்கு மாத்துனதும்தான் ரெண்டும் நின்னுச்சு. இன்னைக்கும் அது ரேடல் எலக்ட்ரானிக் தம்புரா பெட்டி பக்கத்துல கூட வைக்க முடியாத சுமார் தம்புராதான். ஆனா ஐரோப்பாவுல ஒரு சின்ன கம்பெனிக்கு அத அனுப்பிச்சப்ப ஒரு மணி நேர இன்டர்வியூ முழுக்க அதப் பத்தியேதான் பேசுனோம், நாப்ப வேகமா திருகுனா ஏன் க்ளிக் வரல, 96,000 சாம்பிள் ரேட்ல என்ன ஆகும், சுருதி மாத்தும்போது ஏற்கெனவே சுத்திட்டு இருக்குற சத்தம் என்ன ஆகுது, இப்படியே. சர்டிஃபிகேட் யாரும் கேக்கல. அதனால பத்து டுடோரியல் ப்ளக்இன்ன கிட்ஹப்ல அடுக்குறதுக்கு பதிலா உங்களுக்குப் புடிச்ச ஒரே ஒரு சத்தத்த புடிச்சுட்டு அதோட ஆறு மாசம் மல்லுக்கட்டுங்க.

வேலைக்கு சேர்ந்த பெறகு இன்னொரு அதிர்ச்சி. மொத ஆறு மாசம் ஒரு வரி டிஎஸ்பி கூட எழுதல. இன்ஸ்டாலர், க்ராஷ் ரிப்போர்ட், நாப் வரையிறது, மேக்ல நோட்டரைஸ் பண்றது (ஆப்பிள்கிட்ட சரிபாக்க அனுப்புறது), விண்டோஸ்ல டிஜிட்டல் கையெழுத்து போடறது. ஒவ்வொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் ஒவ்வொரு வடிவத்துல கேக்கும், ஒரே ப்ளக்இன்ன லாஜிக்குக்கு ஆடியோ யூனிட்டா, ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸா, மத்ததுக்கு வி.எஸ்.டி 3ஆ கொடுக்கணும். 2022ல பிட்விக், யூ-ஹின்னு ரெண்டு கம்பெனி சேர்ந்து க்ளாப்னு இன்னொரு வடிவத்த கொண்டுவந்தாங்க, அதையும் கேக்குறாங்க. 2020ல ஆப்பிள் தன்னோட சொந்த சிப்புக்கு மாறுனப்ப இந்தத் தொழில்ல எல்லாருமே பழைய ப்ளக்இன்ன எல்லாம் தூசி தட்டி திரும்ப பில்ட் பண்ண வேண்டியதாப் போச்சு. லைசென்ஸ படிக்கிறதும் ஒரு திறமைதாங்க, சிரிக்காதீங்க. ஜூஸ ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல எடுத்தா உங்க கோடையும் தெறந்து வெக்கணும், மூடி வெச்சு விக்கணும்னா அவங்க கமர்ஷியல் கண்டிஷன பாக்கணும். பழைய வி.எஸ்.டி 2 வடிவத்துல எழுதத் தேவையான டெவலப்பர் கிட் எதையும் அத உருவாக்குன ஸ்டைன்பெர்க் கம்பெனி 2018லேருந்து கொடுக்குறதில்ல, பழைய டுடோரியல பாத்து அதுல ஆரம்பிச்சுட்டு அப்புறம் அழாதீங்க.

ஹோஸ்ட்டுங்க பண்ற கூத்து தனி. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரத்தான் நாங்க ஹோஸ்ட்டும்போம். பஃபர் சைஸ் 512ன்னு சொல்லிட்டு ஒரு தடவ 512, அடுத்து 37, அடுத்து பூஜ்யம் அனுப்புற ஹோஸ்ட்டெல்லாம் இருக்கு. பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே விண்டோவ மூடுவாங்க, சாம்பிள் ரேட்ட மாத்துவாங்க, நாப்பது காப்பி ஒரே நேரத்துல தெறப்பாங்க. ப்ளக்இன்வால்னு ட்ராக்ஷன்காரங்க ஃப்ரீயா ஒரு டெஸ்ட் டூல் விட்டிருக்காங்க, அது இந்த அழிச்சாட்டியம் எல்லாத்தையும் மொத்தமா பண்ணிப் பாக்கும், மொத ப்ளக்இன்லேருந்தே அத ஓட்டுங்க. இன்னொண்ணு, ஒரு ரிவர்ப் (பெரிய மண்டபத்துல எதிரொலிக்கிற மாதிரி ஆக்குற ப்ளக்இன்) எழுதுனேன், பாட்டு ஓடும்போது சிபியு 3 சதவீதம், பாட்ட நிறுத்துனா பத்து செகண்ட் கழிச்சு 30க்கு ஏறுது. சத்தமே இல்லாதப்ப என்னடா வேலை பாக்குறன்னு குழம்பிட்டேன். ரிவர்போட வால் தேஞ்சு தேஞ்சு, புள்ளிக்கு அப்புறம் முப்பத்தேழு எட்டு பூஜ்யம் தாண்டுன குட்டி நம்பரா ஆயிருது, டீநார்மல்னு பேரு, அத கூட்டிக் கழிக்க ப்ராசஸர் ரொம்பத் திணறும். அந்த மாதிரி நம்பர பூஜ்யம்னே வெச்சுக்கன்னு ப்ராசஸர்கிட்ட சொல்ல ஒரு வரி இருக்கு, போட்டதும் சரியாப் போச்சு. ஒரு வரிக்கு மூணு நாள்.

ஆனா என்னய மாத்துனது இதெல்லாம் இல்ல, ஒரு மெயில். ஒரு ஃபில்டர் நாப் ஒசரத்துல ரொம்ப நெருக்கமா இருக்கு, திருக கஷ்டமா இருக்குன்னு நான் அதோட கணக்க கொஞ்சம் மாத்தி விட்டேன். நல்ல மாற்றம்தான், டீம்ல எல்லாருக்கும் புடிச்சுது, ரிலீஸும் ஆயிருச்சு. மூணு வாரம் கழிச்சு ஒரு கம்போஸர் எழுதுறாரு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முடிச்ச ஒரு படத்தோட ப்ராஜெக்ட்ட ரீமிக்ஸுக்காக தெறந்தாராம், எல்லா ட்ராக்கும் வேற மாதிரி கேக்குதாம், நாப்பத்தெட்டு எடத்துல எங்க ப்ளக்இன் இருக்காம். திட்டவே இல்ல மனுஷன். "எது பழைய சத்தம்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல"ன்னு மட்டும் எழுதியிருந்தாரு. ப்ராஜெக்ட் ஃபைல்ல சேவ் ஆகுறது நாப்போட இடம் மட்டும்தான், 0.63ன்னு. அந்த 0.63க்கு என்ன அர்த்தம்ங்கிறது எங்க கோடுல இருக்கு, அத நான் மாத்திட்டேன். அடுத்தவன் முடிச்சு வெச்ச பாட்டுக்குள்ள கைய விட்டு கலைச்ச மாதிரி. ராத்திரியோட ராத்திரியா பழைய அர்த்தம், புது அர்த்தம் ரெண்டையும் உள்ள வெச்சு, ஃபைல் எந்த வெர்ஷன்ல சேவ் ஆச்சுன்னு பாத்து எடுத்துக்குற மாதிரி பண்ணி அனுப்பினோம். இப்ப ஒவ்வொரு ரிலீஸுலயும் எல்லா ப்ரீசெட்டையும் (முன்னாடியே திருகி சேவ் பண்ணி வெச்ச நாப் அமைப்பு) ஓட்டி அந்த வேவ் ஃபைல பத்திரமா வெச்சுக்குறோம், புது பில்ட் வந்ததும் மெஷினே பழசோட நல் டெஸ்ட் பண்ணும், முணுமுணுப்பு வந்தா ரிலீஸ் நிக்கும். பராமீட்டரோட (ஒவ்வொரு நாப்போட) ஐடிய ஒரு தடவ வெளிய விட்டா சாகுற வரைக்கும் மாத்தக் கூடாது. இன்டர்வியூ எடுக்குற பக்கம் இப்ப நான் ஒக்காரும்போது, எஃப்எஃப்டி தெரியுமான்னு கேக்குறதுக்கு முன்னாடி இதத்தான் கேக்குறேன், "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சேவ் பண்ண பாட்டு இன்னைக்கும் அதே மாதிரி ஒலிக்கும்னு எப்படி உறுதி பண்ணுவ?"

சம்பளம், வேலை வாய்ப்பு பத்தி சுருக்கமா. கம்பெனிங்க கொஞ்சம்தான், பெர்லின், ஹாம்பர்க், லண்டன் மாதிரி சில ஊருலதான் நெறைய இருக்கு, பல கம்பெனியில பத்து பேரு கூட இருக்க மாட்டாங்க. இதே சி ப்ளஸ் ப்ளஸ்ஸ வெச்சு ட்ரேடிங் கம்பெனிக்குப் போனா கண்டிப்பா கூட சம்பளம். மேல படிக்க ஆசைன்னா லண்டன் க்வீன் மேரி, பார்சிலோனா பொம்பேயு ஃபாப்ரா ரெண்டு யுனிவர்சிட்டியிலயும் இதுக்குன்னே துறை இருக்கு, பார்சிலோனாக்காரங்க ஐஐடி மெட்ராஸோட சேர்ந்து கர்நாடக சங்கீதத்த கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. காசு இல்லன்னா ஆடியோ டெவலப்பர் கான்ஃபரன்ஸ்னு வருஷா வருஷம் நடக்கும், அங்க பேசுன பேச்செல்லாம் யூட்யூப்ல சும்மாவே கெடைக்குது, எனக்கு அதான் காலேஜு. ஆடியோ கம்பெனி கெடைக்கலன்னாலும் இந்த திறமை வீணாகாது, காது மெஷின், கார் ஸ்பீக்கர், கேம், எம்பெடட் எல்லாத்துக்கும் நேரம் தப்பாம கோடு எழுதுற ஆளு வேணும்.

இவ்ளோவும் சித்தப்பா பையன்கிட்ட சொல்லல. மொதல்ல ஒரு வால்யூம் நாப் மட்டும் எழுதிட்டு வாடான்னேன். நாலு நாள்ல அனுப்புனான், மூஞ்சி பூரா பெரும. "ஆனா திருகுனா லேசா கரகரங்குதுண்ணே, ஏன்?"ன்னு கேட்டான். பதில் சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிட்டேன். ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு பாட்டுக்கு பதிலா மாறாத ஒரே நம்பர உள்ள அனுப்பு, நாப்ப திருகிட்டே ரெக்கார்டு பண்ணு, வந்தத பெருசாக்கிப் பாருன்னேன்.

ராத்திரி பதினொன்ற மணிக்கு வாட்ஸ்அப்ல படம் வந்துச்சு. "அண்ணே, சறுக்கு மரம் மாதிரி வழவழன்னு வரும்னு பாத்தா படிக்கட்டு மாதிரி இருக்கு."

"ஒரு படி எத்தன சாம்பிள் அகலம், எண்ணு."

இருபது நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரே ஒரு நம்பர் மட்டும் வந்துச்சு, 512. அதுக்குக் கீழயே, "ஐயோ, பஃபருக்கு ஒரு தடவதான் நாப்ப பாக்குறேன்."